தலைவர் தோளில் இருந்த பதக்கம்

பத்து நாளாக சகுந்தலா என்னோடு பேசவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு சகுந்தலாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி சம்சாரம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ரெண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். நான் குழம்பு தாளித்தால் அந்தப் பக்கம் அவள் தும்முவாள். நான் இங்கிருந்தே 'நூறு வயசு' என்பேன். 'மொளகாயைக் கொறைச்சுப் போடுக்கா' என்று பதில் வரும். இருபது வருஷமாக இப்படித்தான்.

இப்போது? நான் குழாயடிக்குப் போனால் அவள் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். போன செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே ரெண்டு மிளகாய் அதிகம் கிள்ளிப் போட்டுத் தாளித்தேன். தும்மினாள். 'நூறு வயசு' என்றேன். ஜன்னல் சாத்துகிற சத்தம்தான் பதில்.

சண்டை தண்ணீருக்காக இல்லை. பிள்ளைகளுக்காகவும் இல்லை. காரணம் — நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே, இந்தப் பக்கம்தான்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் நான் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் குப்பத்துக் கங்கையம்மன் கோயிலுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒரு படம் வந்தது. நாட்டுக்காக உழைத்து மறைந்த பெரிய தலைவர் ஒருவரின் படம். கீழே ஒரு வாசகம்.

"மீனை எண்ணும் முன் மனிதரை எண்ணு."

படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடல் காற்றே படாத ஊரில் பிறந்த ஒரு மகான், எங்கள் கரை ஜனங்களின் வயிற்றுக்குள் புகுந்து பார்த்த மாதிரி எப்படிச் சொன்னார்! வெள்ளைத் தாளில் எழுதி சாமி அறைக் கதவில் ஒட்டினேன். 'நீங்களும் எழுதி ஒட்டுங்கள்' என்று உங்களுக்கும் சொன்னேன். நிறைய பேர் ஒட்டியதாகக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து ஓர் அம்மா ஃபிரேம் போட்டே மாட்டிவிட்டாராம்.

அந்தத் தலைவர் யார் என்று இன்றைக்குப் பேர் சொல்லப் போவதில்லை. அவர் பேரை ஒரு தடவை தப்பான இடத்தில் சொன்னதே போதும்.

சகுந்தலாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பொன்னேரி காலேஜுக்குப் போகிற மகள் ரேவதி இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். இவள் நண்டு தரம் பிரித்துக்கொண்டே கேட்பாள். அன்றைக்கும் வாசித்திருக்கிறாள். வாசித்து முடித்த கையோடு சகுந்தலா என் வாசலில் வந்து நின்றாள். கையைக்கூடக் கழுவவில்லை.

"இன்னா எழுத்தாளரம்மா, நல்லா கீறீங்களா?"

அவள் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். 'எழுத்தாளரம்மா' வந்தால் காற்று மாறிவிட்டது என்று அர்த்தம்.

"உள்ளே வா சகுந்தலா. இன்னா ஆச்சு?"

"அந்த வார்த்தையை யார் சொன்னாங்கன்னு எழுதினே?"

தலைவர் பேரைச் சொன்னேன்.

"அவர் எப்போ நம்ம கரைக்கு வந்தார்?"

"கரைக்கெல்லாம் வரலை... பொதுவா சொல்லியிருப்பார்."

"பொதுவா!" என்று ஒரு சிரிப்பு. சிரிப்பே நன்றாக இல்லை. "அன்னிக்குக் கூடையைத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குள்ள ஓடினியே... உன் கையைப் பிடிச்சு இழுத்துக் கத்தினது யாரு? அவரா?"

நான் திரும்பி, சாமி அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன்.

"ஊர்ல வேற யாராச்சும் மறந்தா நான் கேக்க மாட்டேன். உன் காதுலக்கா. உன் காதுல கத்தினேன்."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

என்ன நடந்தது அன்றைக்கு? சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. வாடைக் காற்று தொடங்கின சமயம். ரெண்டு ஃபைபர் போட் ஜோடியாகக் கடலுக்குப் போயிருந்தன. ஒன்றில் என் வீட்டுக்காரர். இன்னொன்றில் சகுந்தலாவின் தம்பி தேசிங்கு. பத்து மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கரையில் நின்ற எங்களுக்கு உள்ளூரப் பயம். பதினோரு மணி வாக்கில் ரெண்டு போட்டும் தெரிந்தன — கானாங்கத்தை மீன் ரொம்பி, விளிம்பு வரைக்கும் அமுங்கி! அந்த வருஷத்திலேயே அப்படி ஒரு பாடு கிடைத்ததில்லை.

பொம்பளைகள் அத்தனை பேரும் கூடையோடு ஓடினோம். நானும்தான். என் வீட்டுக்காரர் தண்ணீரில் குதித்து இறங்கியதைப் பார்த்துவிட்டேன். அது போதும் எனக்கு. அதற்கப்புறம் என் கண்ணுக்கு மீன் மட்டும்தான் தெரிந்தது.

சகுந்தலா கையில் கூடை இல்லை. ஒரு போட்டில் வந்தவர்களிடம் கேட்டாள் — "தேசிங்கு எங்கே?"

"அந்த போட்ல வரான்."

அங்கே ஓடினாள். அவர்கள் சொன்னார்கள் — "இதுல ஏறலையே! அதுலதானே இருந்தான்?"

நடுக்கடலில் சிக்கிக்கொண்ட வலையைப் பிரிப்பதற்காக அவன் ஒரு போட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறான். மழை... இன்ஜின் சத்தம்... தாவிவிட்டான் என்று இவர்கள் நினைத்தார்கள். தாவாமல் நின்றுவிட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். நடுவில் கடல் ஒன்று இருந்ததை யாரும் நினைக்கவில்லை.

இந்தப் பக்கம் நாங்கள் மீனை அள்ளிக்கொண்டிருக்கிறோம். சகுந்தலா வந்து என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கூடை சாய்ந்து மீனெல்லாம் தண்ணீரோடு போனது. என் காதுப் பக்கத்தில் கத்தினாள்.

"மீனை அப்புறம் எண்ணுங்கடி! மொதல்ல ஆளை எண்ணுங்க!"

கரையே நின்றுவிட்டது.

மீனை அப்படியே மணலில் தள்ளிவிட்டு ரெண்டு போட்டும் திரும்பிப் போயின. தாயே கங்கையம்மா என்று மழையிலேயே உட்கார்ந்திருந்தோம். ரெண்டு மணி நேரம் கழித்து அவனைக் கொண்டுவந்தார்கள். மிதவைக்குக் கட்டியிருந்த வெள்ளைக் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தானாம். உதடெல்லாம் நீலம். ஆனால் உயிர் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் கரையில் ஒரு வழக்கம். போட் கரை தட்டினதும் யாராவது ஒருத்தி தலைகளைச் சத்தமாக எண்ணுவாள். கடைசி ஆள் எண்ணி முடிந்த பிறகுதான் கூடை நகரும். நானே எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறேன்.

அப்படி இருந்தும், அந்த வார்த்தையை போனில் பார்த்தபோது எனக்கு சகுந்தலா ஞாபகம் வரவில்லையே... ஏன்?

யோசித்து யோசித்துப் பார்த்தேன். சகுந்தலா சொன்னபோது அது திட்டு. தலைவர் படத்துக்குக் கீழே வந்தபோது அது பொன்மொழி. வாங்கின திட்டை யாராவது சாமி அறைக் கதவில் ஒட்டுவார்களா?

சரி, என் குற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இன்னொன்று மனசைக் குடைய ஆரம்பித்துவிட்டது. சகுந்தலா கத்தினது மணலில். கேட்டது எங்கள் குப்பத்து ஜனம். அங்கிருந்து அந்த வார்த்தை எப்படி எழுந்து போய், தலைக்குக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு பெரிய மனிதரின் வாயில் போய் உட்கார்ந்தது?

கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

கோயில் குழுவில் படத்தைப் போட்டவர் பொன்னேரியில் இருக்கிற ஒரு டீச்சர். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு எண்ணெய் கொண்டுவருகிறவர். "எனக்கு எங்க நாத்தனார் அனுப்பினாங்கம்மா" என்றார். நாத்தனார் எளாவூரில். அவருக்கு போன் போட்டால், "எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் குரூப்ல வந்துச்சு. நல்ல கருத்தா இருந்துச்சேன்னு அனுப்பினேன். தப்பாங்க?" என்று பயந்துவிட்டார். அவர் வீட்டுக்காரருக்கு யார் அனுப்பினது என்றே தெரியவில்லை.

அதோடு பாதை முடிந்துவிட்டது. போனை வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவரின் இடது தோளில் கறுப்பாக ஒரு வட்டம். எட்டாவது வரைக்கும் படித்த எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? ஏதோ வெளிநாட்டில் கொடுத்த பதக்கமாக இருக்கும் என்றுதான் முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இது இன்னா பதக்கம்னு தெரியுமா?" என்று காட்டினேன்.

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சோறு புரை ஏறுகிற மாதிரி சிரித்தார்.

"பதக்கமா? கயிறு ஓட்டைடி! போட் மூக்குல நங்கூரக் கயிறு விடுவோமே, அந்த ஓட்டை. எந்த ஊர்த் தலைவருக்குத் தோள்ல ஓட்டை இருக்கும்?"

"போட்டா?"

"நம்ம தேசிங்கு போட்டு. இந்த நீலம் வேற யார்கிட்டயும் கெடையாது."

மறுநாள் காலையில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன். தேசிங்கு அங்கேதான் பெண் எடுத்து, சொந்தமாக போட் வைத்துக்கொண்டு இருக்கிறான். மணலில் ஏற்றி வைத்திருந்தது போட். முன்பக்கத்தில் தலைவர். இடது தோளில் ஓட்டை. ஓட்டையில் மஞ்சள் கயிறு. படத்துக்குக் கீழே, வளைவான எழுத்தில், ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு — அந்த வார்த்தை.

எத்தனை தடவை அந்தக் குப்பத்துக்குப் போயிருப்பேன்! ஒரு நாளாவது நின்று படித்தேனா?

தேசிங்கு வலை தைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ஊசியைக் கீழே போட்டுவிட்டான்.

"ஐயோ! நான் அவர் சொன்னார்னு எங்கேக்கா போட்டேன்?"

"அவர் படத்துக்குக் கீழே போட்டிருக்கியே."

"எங்க நைனாவுக்கு அவர்னா உசுரு. அதனால படம். எனக்கு உசுரு குடுத்தது எங்க அக்கா. அதனால வார்த்தை. ரெண்டுக்கும் ஒரே போட்டுதானே கீது? அதுக்குன்னு இன்னொரு போட்டா வாங்க முடியும்?"

போட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"சரி, போட்டோ யார் எடுத்தா?"

"பூநாரை பாக்க வர்றாங்களே, டவுன்காரங்க... பறவை தூரமா போயிடுச்சுன்னா அந்தக் கேமராவை வெச்சு எங்க போட்டைத்தான் எடுப்பாங்க. யாருன்னு சொல்றது?"

"இந்தக் குறி? ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி?"

"அது பெயிண்டர் வேலை. எனக்குத் தெர்ல."

திரும்புகிற வழிதானே என்று பழவேற்காடு கடைத்தெருவில் இறங்கி அந்த பெயிண்டரையும் பார்த்துவிட்டேன். ஏதோ ஒரு கடைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். பிரஷ்ஷைக் காதில் சொருகிக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னார்.

"படம் வரைஞ்சு முடிச்சதும் கீழே காலியா இருந்துச்சும்மா. காலியா விட்டா கண்ணுக்கு நல்லா இருக்காது. 'எதுனா எழுதட்டுமா'ன்னு கேட்டேன். 'மொதல்ல ஆளை எண்ணு, அப்புறம் மீனை எண்ணு, எங்க அக்கா சொன்னது'ன்னு சொன்னாரு. அப்படியே போட்டா பேச்சு மாதிரி இருக்கும். கொஞ்சம் சுத்தம் பண்ணேன்."

"மேற்கோள் குறி எதுக்குங்க?"

"வார்த்தைக்கு ஒரு மரியாதை வேணாமா?"

பஸ்ஸில் வரும்போது முழுக்க இதே நினைப்பு. பெயிண்டர் வார்த்தைக்கு மரியாதை செய்தார். டவுன்காரர் அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தார். யாரோ ஒருவர் கயிற்றையும் கடலையும் வெட்டிவிட்டு, படத்தில் இருக்கிறவர்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்து அவர் பேரையும் சேர்த்தார். டீச்சர் நல்ல மனசோடு அனுப்பினார். நான் அழுதுகொண்டே எழுதினேன். இத்தனை பேரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய் வந்து சேர்ந்துவிட்டது!

வீட்டுக்கு வந்து என் போனில் சேர்த்து வைத்திருந்த பொன்மொழிகளை எல்லாம் ஒரு தடவை புரட்டினேன். ராஜாக்கள், மகான்கள், விஞ்ஞானிகள்... எல்லாருமே வாழ்க்கையைப் பற்றி ஒரே மாதிரி பேசியிருந்தார்கள். இதில் எது எந்தக் கரையில் எவள் கத்தினதோ! ஒவ்வொரு படத்திலும் கயிறு ஓட்டை எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சகுந்தலாவும் வந்திருந்தாள். எனக்கு முன்னால் நின்றாள், திரும்பவே இல்லை. அவளுக்கு அடுத்து நின்றவர் பேரனுக்கு அர்ச்சனை சொல்லியிருந்தார். பூசாரி ஞாபகப் பிசகாக வேறு யாரோ பேரைச் சொல்லி மந்திரத்தை முடித்துவிட்டார். அந்த அம்மா "சாமி, பேரு..." என்று இழுத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, முதலிலிருந்து திரும்பச் செய்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேனே. "யாருக்குன்னு அம்மனுக்குத் தெரியாதாங்க? எதுக்கு மறுபடியும்?" என்றேன்.

"அம்மனுக்குத் தெரியும்" என்றார் பூசாரி, தட்டை நீட்டிக்கொண்டே. "தேங்கா வாங்கிக் குடுத்தவங்க காதுல அவங்க சொன்ன பேரு விழ வேணாமா?"

விபூதியை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன். சாமி அறைக் கதவில் இருந்த தாளைக் கிழித்தேன். புதிதாக ஒன்று எழுதினேன். அதைத்தான் உங்களுக்கும் இப்போது எழுதுகிறேன். கதவில் ஒட்டியிருப்பவர்கள், ஃபிரேம் போட்ட அம்மா உட்பட, தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

'மீனை அப்புறம் எண்ணுங்கடி, மொதல்ல ஆளை எண்ணுங்க.' சொன்னவள்: சகுந்தலா. என் ஓரகத்தி. யாரைப் பார்த்துச் சொன்னாள்? என்னைப் பார்த்து.

இதோடு முடித்துத் தபாலில் சேர்க்கலாம் என்று நேற்றுச் சாயங்காலம் இதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் குழம்பு. போன் 'டிங்' என்றது. கோயில் குழுவில் தேசிங்கு ஒரு படம் போட்டிருந்தான். தன்னால் வந்த குழப்பத்தைத் தானே சரி செய்கிறானாம். சகுந்தலாவின் கல்யாணப் போட்டோ. தலைக்குப் பின்னால் சூரியன் மாதிரி வெளிச்சம். மேலே அவள் வார்த்தை, அவள் பேரோடு. அட, பரவாயில்லையே என்று பார்த்தால்... கீழே இன்னொரு வரி.

"அமைதியாக இருப்பவளே வீட்டின் விளக்கு. — சகுந்தலா."

நான் வாய்விட்டுச் சிரிப்பதற்குள் வாசல் கதவு படார் என்று திறந்தது.

"அக்கா!"

அக்கா என்றாள். கவனித்தீர்களா?

"பாத்தியாக்கா அந்தப் பய பண்ண வேலையை? நான் எப்போக்கா அமைதியா இருந்தேன்?"

"தேசிங்கைக் கேட்டியா?"

"கேட்டேன். கீழே காலியா இருந்துச்சாம்! போனே ஒரு வரி குடுத்துச்சாம், நல்லா இருந்துச்சாம், போட்டுட்டானாம்!" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உன்கிட்ட பத்து நாள் பேசாம இருந்ததுக்கே எனக்குச் சோறு எறங்கலை. நான் அமைதியா இருந்தா விளக்காம்... விளக்கு!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்பு பண்ணிட்டேன் சகுந்தலா. அன்னிக்குக் கூடையைத் தூக்கினதும் தப்பு. உன் வார்த்தையை இன்னொருத்தர்கிட்ட குடுத்ததும் தப்பு."

"என்கிட்ட சொன்னே, சரி. அந்தப் பெரியவர்கிட்ட?"

"அவர்கிட்ட இன்னா?"

"அவரும்தானே சொல்லாததைச் சொன்னார்னு ஆயிடுச்சு. பாவம், செத்துப் போயிட்டார், எந்திரிச்சு வந்து சொல்ல முடியாது. நான் உசுரோட கீறேன், வந்து சொல்றேன். எழுது. நான் அமைதியான பொம்பளை இல்லேன்னு கொட்டை எழுத்துல எழுது."

எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். அடுப்பில் தாளிப்புக் கரண்டியை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மிளகாய் கருகி வீடு முழுக்க நெடி. சகுந்தலா அடுக்கடுக்காக மூன்று தும்மல் போட்டாள்.

"நூறு வயசு!" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் — "அதை நீ சொன்னதுன்னே போடு."